மரணக் கதிர் கடைசியில் இட்லி சூடு பண்ணுது: கதையில் வந்த ஆயுதங்கள் எங்கே போய் நின்றன?

பழைய_வால்வு (இழையைத் தொடங்கியவர்)

நேற்று ராத்திரி மீந்த இட்லியை மைக்ரோவேவில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். பேரன் வந்து, "தாத்தா, படத்துல வர்ற கதிர்த் துப்பாக்கி எல்லாம் எப்ப நிஜமா வரும்?" என்றான். "இதோ சுத்திக்கிட்டு இருக்கே, அதுதான்டா அது" என்றேன். நம்பவில்லை. உங்களிடமாவது சொல்லிப் பார்க்கிறேன்.

ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1898இல் ஒரு நாவலில் செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் கையில் ஒரு வெப்பக் கதிரைக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத சூட்டைக் கண்ணாடி வைத்துக் குவித்து ஊரை எரிக்கிற கருவி. முதல் உலகப் போர் முடிந்ததும் 'என்னிடம் அது இருக்கிறது' என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். 1924இல் கிரிண்டெல் மேத்யூஸ் என்ற இங்கிலாந்துக்காரர் தூரத்திலிருந்தே மோட்டார் சைக்கிள் இன்ஜினை நிறுத்திக் காட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் கடைசிவரை திறந்து காட்டவில்லை. தொல்லை தாங்காமல் பிரிட்டிஷ் விமானப்படை அமைச்சகம், நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் ஓர் ஆட்டைக் கதிரால் கொல்பவருக்கு 1,000 பவுண்டு என்று அறிவித்தது. பரிசை வாங்க ஒருவரும் வரவில்லை. ஆடு பிழைத்தது.

1935 ஜனவரியில் அமைச்சகம் ரேடியோ ஆராய்ச்சியாளர் ராபர்ட் வாட்சன்-வாட்டிடம், 'மரணக் கதிர் சாத்தியமா, கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்' என்றது. அவர் உதவியாளர் ஆர்னால்ட் வில்கின்ஸிடம் கணக்கைத் தள்ளினார். ஆயுதம் என்று சொல்லவில்லை. ஒரு கிலோமீட்டர் உயரத்தில், ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் எட்டு பைண்ட் தண்ணீர் இருக்கிறது. அதை 98 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 105க்கு ஏற்ற எவ்வளவு ரேடியோ சக்தி வேண்டும்? இதுதான் கேள்வி. எட்டு பைண்ட் என்றால் நாலரை லிட்டர், ஒரு மனுஷனின் ரத்தம். 98 உடம்புச் சூடு. 105 கடும் காய்ச்சல். பறக்கிற விமானிக்குக் கீழிருந்தே காய்ச்சல் வரவைக்கப் பார்க்கிறார்கள் என்று வில்கின்ஸுக்குப் புரிந்துவிட்டது.

கணக்கில் நடக்காது என்று வந்தது. 'சரி, வேறு எதில் உதவலாம்?' என்று வாட்சன்-வாட் கேட்டபோது வில்கின்ஸுக்குத் தபால் துறை இன்ஜினியர்கள் புலம்பியது ஞாபகம் வந்தது. பக்கத்தில் விமானம் பறந்தால் ரேடியோ சிக்னல் தடுமாறுகிறது என்பதுதான் புலம்பல். அப்படியானால் விமானத்தைக் கொல்ல முடியாவிட்டாலும் கண்டுபிடிக்கலாமே! 1935 பிப்ரவரி 26 அன்று டேவன்ட்ரி பக்கத்தில் ஒரு வேனில் ரிசீவரோடு உட்கார்ந்தார்கள். பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு போய்க்கொண்டிருந்தது. அதன் குறுக்கே ஒரு ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டார்கள். எட்டு மைல் தூரம்வரை திரையில் புள்ளி ஆடியது. ரேடார் பிறந்தது இப்படித்தான்.

மிச்சக் கதை சின்னது. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் கேவிட்டி மேக்னட்ரானைச் செய்தார்கள். உள்ளங்கை அகலச் செப்புக் கட்டி. ரேடாருக்கு வேண்டிய பத்து சென்டிமீட்டர் ரேடியோ அலையை நூற்றுக்கணக்கான வாட்டில் கக்கியது. செப்டம்பரில் அதைப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ரேதியான் கம்பெனியில் மேக்னட்ரான் பக்கத்தில் நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப் பையில் இருந்த இனிப்பு இளகியது. அந்தச் சூட்டை வைத்தே 1947இல் வந்த முதல் மைக்ரோவேவ் அடுப்பு ஆள் உயரம், 340 கிலோ. சமையல் மேடையில் உட்காரும் அளவுக்குச் சுருங்க 1967 ஆயிற்று.

நான் ரேடார் பராமரிப்பில் 28 வருடம் இருந்தவன். கொல்லக் கேட்டார்கள், பார்க்கக் கிடைத்தது, இட்லி சூடாகிறது. இதே மாதிரி உங்களுக்குத் தெரிந்ததைப் போடுங்கள்.

கோவை_குறும்பன்

தாத்தா, செம! எட்டு பைண்ட் தண்ணி மேட்டர் வேற லெவல். நான் ஒண்ணு போடறேன். செல்போன். ஸ்டார் ட்ரெக்னு ஒரு விண்வெளி டிவி சீரியல் இருக்கு. ஸ்டார் ட்ரெக்ல அந்த மூடியத் திறந்து பேசற டப்பாவப் பாத்துத்தான் மார்ட்டின் கூப்பர் செல்போன் செஞ்சாராம்.

வக்கீல்_வேம்பு

//ஸ்டார் ட்ரெக்ல அந்த மூடியத் திறந்து பேசற டப்பாவப் பாத்துத்தான்//

தம்பி, இது எல்லா இடத்திலும் சுற்றுகிற கதை. மோட்டோரோலா கம்பெனி இன்ஜினியரான கூப்பரே பிற்பாடு அதைத் திருத்திவிட்டார். தன் மனதில் இருந்தது டிக் டிரேசி சித்திரக்கதையில் துப்பறிவாளர் கையில் கட்டியிருக்கும் ரேடியோ கடிகாரம் என்றார். அது 1946இல் பத்திரிகையில் வந்தது. கூப்பர் 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்று முதல் அழைப்பைப் போட்டார். யாருக்குத் தெரியுமா? போட்டிக் கம்பெனியான பெல் லேப்ஸில் இதே வேலையில் இருந்த ஜோயல் எங்கலுக்கு. வயிற்றெரிச்சலைக் கிளப்பத்தான். கையில் இருந்த கருவி ஒரு கிலோவுக்கு மேல்.

ஸ்டார் ட்ரெக்கின் சாயல் தெரிவது 1996இல் மோட்டோரோலா விட்ட மடிக்கிற ஸ்டார்டாக் போனில்தான். அது உருவத்தில் வந்த சாயல். உள்ளே இருக்கிற விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கதையின் பெயரைத் தாங்கியே வந்த ஆயுதம் வேண்டுமென்றால் டேசர் இருக்கிறது. அமெரிக்கப் போலீஸ் இடுப்பில் மஞ்சளாகத் தொங்குமே, சின்ன ஈட்டிகளை எய்து மின்சாரம் பாய்ச்சி ஆளை முடக்கும் கருவி, அது. ஜாக் கவர் என்ற நாசா ஆராய்ச்சியாளர் 1969இல் தொடங்கி 1974இல் முடித்தார். சின்ன வயதில் படித்த டாம் ஸ்விஃப்ட் சிறுவர் நாவலில், 1911இல் வந்தது, ஒரு மின்சாரத் துப்பாக்கி வரும். 'டாமஸ் ஸ்விஃப்டின் மின்சாரத் துப்பாக்கி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் (TSER) சேர்த்தால் வாயில் நுழையவில்லை என்று நடுவில் ஓர் 'ஏ'யைச் செருகினார். கதையில் டாமஸுக்கு அந்த முதலெழுத்தே கிடையாது!

இதில் ஒரு சட்டக் கூத்தும் உண்டு. முதல் டேசர் ஈட்டிகளைத் தள்ள வெடிமருந்தைப் பயன்படுத்தியது. அதனால் 1976இல் அமெரிக்க அரசு அதைத் துப்பாக்கி வகையில் சேர்த்துவிட்டது, வியாபாரம் படுத்தது. 1993க்குப் பிறகு வேறு கம்பெனி வெடிமருந்தை எடுத்துவிட்டு அழுத்தப்பட்ட நைட்ரஜனை வைத்ததும் மறுபடி எழுந்தது. என்னைக் கேட்டால், டாம் ஸ்விஃப்டைவிட அந்த நைட்ரஜன் உருளைக்குத்தான் பெரிய பங்கு.

அகத்தியதாசன்

வெள்ளைக்காரன் நேற்று எழுதியதை எல்லாம் நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள். ஆக்னேயாஸ்திரம் என்றால் என்ன? மரணக் கதிர்தான். வைமானிக சாஸ்திரத்தில் விமானம் கட்டும் முறையே இருக்கிறது. யாரும் பேசுவதில்லை.

கண்ணாடி_வில்லை

பேசியிருக்கிறார்கள், ஐயா. 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் விமானவியல், இயந்திரவியல் துறையைச் சேர்ந்த ஐந்து பேர் வைமானிக சாஸ்திரத்தை வரி வரியாகப் படித்துக் கட்டுரையே எழுதினார்கள். அந்த நூல் 1904க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அதில் சொன்ன எந்த விமானமும் பறக்காது என்பது முடிவு. அஸ்திரங்களைக் கதையாகப் படிப்பதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. கர்ணனுக்கு மந்திரம் மறந்துபோகிற இடத்தில் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். அதைப் பட்டறை வரைபடம் என்று சொன்னால்தான் வம்பு.

சரி, லேசருக்கு வருகிறேன். ஓசூரில் லேசர் கட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் வாய் நீளும்.

1960 மே 16 அன்று தியோடர் மைமன் கலிபோர்னியாவில் மாணிக்கக் குச்சியிலிருந்து முதல் லேசரை எடுத்தார். ஜூலையில் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவர்கள் எழுதியது 'மரணக் கதிர்' என்றுதான். மனிதருக்குக் கடைசிவரை அந்த எரிச்சல் போகவில்லை. அவர் செய்ததை வைத்து உலகம் அன்றாட வாழ்க்கையில் முதலில் பெரிய அளவில் என்ன செய்தது? 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில், ஒரு கடை கவுன்ட்டரில், லேசரைப் பாய்ச்சி ஒரு பாக்கெட் சூயிங்கத்தின் பார்கோடைப் படித்தார்கள். மரணக் கதிரின் முதல் பலி அந்தச் சூயிங்கம்.

ஆயுதம் ஏன் இத்தனை லேட்? என் மெஷின் 3 கிலோவாட். பத்து மில்லிமீட்டர் இரும்பை வெட்டும். ஆனால் நாசில் முனையிலிருந்து தகடு ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கணும். தலையில் இருக்கிற காப்புக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு புள்ளி விழுந்தால் போச்சு, ஒளி அதிலேயே தங்கிக் கண்ணாடியை வெடிக்க வைக்கும். வாரத்துக்கு ஒன்றாவது மாற்றுகிறேன். இதையே கிலோமீட்டர் கணக்கில் அனுப்பணும் என்றால் நடுவில் தூசி, ஈரம், புகை, கடல் உப்பு. அது போதாது என்று கதிர் போகிற வழியில் காற்றே சூடாகி லென்ஸ் மாதிரி விரிந்து கதிரைக் கலைத்துவிடும். சினிமாவில் 'டிஷ்யூம்' என்று ஒரு நொடி. நிஜத்தில் பறக்கிற ட்ரோனின் அதே இடத்தில் சில நொடி ஆடாமல் நிற்க வைக்கணும். சத்தமும் கிடையாது, நிறமும் தெரியாது. கண்ணுக்குப் படாத அகச்சிவப்பு. இந்த ஒரு விஷயத்தில் 1898இல் எழுதிய வெல்ஸ் சினிமாக்காரர்களைவிடச் சரி.

இப்போது வந்துவிட்டது என்பதும் உண்மை. அமெரிக்கக் கடற்படை 2014இல் பான்ஸ் கப்பலில் 30 கிலோவாட் லேசரை ஏற்றிப் பாரசீக வளைகுடாவுக்கு அனுப்பியது. நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ 2025 ஏப்ரல் 13 அன்று கர்னூலில் அதே 30 கிலோவாட் வகையில் ட்ரோன்களை வீழ்த்திக் காட்டியது. ஏன் இப்ப? ட்ரோன் மலிந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாய் பொம்மையைச் சுட கோடி ரூபாய் ஏவுகணை கட்டுப்படியாகாது. பிரிட்டன் தன் டிராகன்ஃபயர் லேசருக்கு ஒரு தடவை சுட சுமார் 10 பவுண்டு என்கிறது. லேசரைப் போருக்குக் கூப்பிட்டது ட்ரோனின் விலைதான்.

இந்த ஆயுதங்களுக்கு உள்ளே இருக்கிற ஃபைபர் லேசரை, அதாவது கண்ணாடி இழைக்குள்ளேயே உருவாகும் லேசரை, வளர்த்ததில் எங்களை மாதிரித் தகடு வெட்டுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. கார் பாகமும் பீரோ கதவும் வெட்டத்தானே கிலோவாட் மேல் கிலோவாட்டாக ஏற்றினார்கள்.

கோவை_குறும்பன்

அக்கா, சூயிங்கம் 😂 ரெயில்கன் பத்தி யாரும் சொல்லலையே?

பழைய_வால்வு

மின்காந்தத்தால் குண்டைத் தள்ளுவதுதானே. அமெரிக்கக் கடற்படை 2010 டிசம்பரில் 33 மெகாஜூல் சக்தியில் சுட்டுக் காட்டியது. 2021இல் கடையைக் கட்டியது. தண்டவாளம் மாதிரி இரண்டு பட்டை, நடுவில் மின்சாரம், ஒவ்வொரு சுடுதலுக்கும் பட்டை தேய்ந்து உருகுகிறது. ஜப்பான் 2023இல் கப்பலில் வைத்துச் சுட்டுப் பார்த்தது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

என் மேக்னட்ரானுக்கு உறவுமுறையில் ஒன்று சொல்கிறேன். அமெரிக்கர்கள் 95 கிகாஹெர்ட்ஸ் அலையை ஆள் மீது பாய்ச்சும் வண்டி ஒன்று செய்தார்கள். தோலில் அரை மில்லிமீட்டர்கூட இறங்காது, ஆனால் அடுப்பைத் திறந்த மாதிரி சுடும், ஆள் ஓடிவிடுவான். சரியாக வெல்ஸின் வெப்பக் கதிர். 2010இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோய், ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வக்கீல்_வேம்பு

வருவதற்கு முன்பே தடை வாங்கிய ஆயுதமும் உண்டு. எதிரியின் கண்ணை நிரந்தரமாகக் குருடாக்கும் லேசரை 1995இல் வியன்னாவில் ஒப்பந்தம் போட்டுத் தடுத்தார்கள், 1998இல் அமலுக்கு வந்தது. போர்க்களத்தில் அது பரவுவதற்கு முன்பே தடுத்தது பெரிய விஷயம். ட்ரோனைச் சுடுவதை அந்த ஒப்பந்தம் தடுக்காது.

சும்மா_ஒருத்தன்

எல்லாரும் குஷியா இருக்கீங்க, கெடுக்க மனசில்ல. ஆனா ஆயிரம் பேர் ஆயிரம் கதை எழுதினா பத்து பலிக்கத்தான் செய்யும். பலிச்சத மட்டும் எண்ணுறோம். பறக்கும் கார் எங்க? ஆளை மாயமாக்கி வேற ஊர்ல இறக்குற மெஷின் எங்க? கிளி ஜோசியக்காரன் சொன்னதுல ஒண்ணு பலிச்சா நாம அதத்தானே ஊருக்குச் சொல்லுவோம்.

வக்கீல்_வேம்பு

நியாயமான கேள்வி, ஆனால் ஒரு வழக்கில் அது செல்லாது: அணுகுண்டு.

வெல்ஸ் 1914இல் எழுதிய நாவலில் 'அணுகுண்டு' என்ற சொல்லே வருகிறது. அந்தக் குண்டு நாள்கணக்கில் விடாமல் வெடித்துக்கொண்டே இருக்கும். விமானத்திலிருந்து கையால் தூக்கிப் போடுவார்கள். ஜோசியம் என்று பார்த்தால் பாதி தப்பு. ஆனால் 1932இல் லியோ சிலார்டு என்ற ஹங்கேரிய இயற்பியலாளர் அதைப் படிக்கிறார். அடுத்த வருடம் செப்டம்பரில் லண்டனில் இருக்கும்போது, அணுவிலிருந்து சக்தி எடுப்பதெல்லாம் வெறும் கற்பனை என்று அணு விஞ்ஞானி ரதர்ஃபோர்டு பேசியதைச் செய்தித்தாளில் பார்க்கிறார். எரிச்சலோடு நடக்கிறார். சதாம்ப்டன் ரோவில் சிக்னலைக் கடக்கும்போது ஓர் அணுவில் நடக்கும் வினை அடுத்தடுத்த அணுக்களைத் தூண்டிக்கொண்டே போகும் சங்கிலித் தொடர் வினை என்ற எண்ணம் உதிக்கிறது.

1934இல் அதற்குக் காப்புரிமை கேட்டு மனு போடுகிறார். ரகசியமாக இருக்கட்டும் என்று 1936இல் பிரிட்டிஷ் கடற்படையிடமே எழுதிக்கொடுக்கிறார். ஏன் ரகசியம்? அது கையை மீறிப் போனால் என்ன ஆகும் என்று நாவலில் படித்திருந்தார், அவரே பிற்பாடு சொன்னது. 1939இல் ஐன்ஸ்டைனிடம் போய் ரூஸ்வெல்ட்டுக்குக் கடிதம் எழுத வைத்தவரும் இவரே. கிளி எடுத்த சீட்டைப் படித்தவன் அதன்படி நடக்க ஆரம்பித்தால் அதற்குப் பெயர் ஜோசியம் இல்லையே, சும்மா.

இன்னொரு சின்னச் சம்பவம். 1944 மார்ச்சில் ஓர் அமெரிக்க அறிவியல் கதை இதழில் யுரேனியம் 235ஐப் பிரித்துக் குண்டு செய்வது பற்றி ஒரு சிறுகதை வந்தது. உளவுத்துறை ஆட்கள் இதழாசிரியர் ஜான் கேம்ப்பெல்லின் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்கள். எல்லாம் பொதுவில் அச்சான தகவல்தான் என்று அவர் காட்டினார். அணு பற்றிய கதையைத் திடீரென நிறுத்தினால்தான் எதிரி மோப்பம் பிடிப்பான் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சும்மா_ஒருத்தன்

சிலார்டு கேஸ் ஒத்துக்கறேன். பறக்கும் கார் கேஸ் வாய்தா.

கட்டுபெத்தைக்_காகம்

நான் மொறட்டுவையில படிச்சனான், அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின்ர பேரில இருக்கிற நிறுவனம் எங்கட வளாகத்துக்குப் பக்கத்திலதான். அதால இந்தக் கதையை நான்தான் சொல்லோணும்.

1945 ஒக்டோபரில 'வயர்லெஸ் வேர்ல்ட்' எண்ட சஞ்சிகையில அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீற்றர் உயரத்தில ஒரு நிலையத்தை வைச்சா அது பூமியோடயே சுத்தும், மூண்டு நிலையம் இருந்தா முழு உலகத்துக்கும் ஒலிபரப்பலாம் எண்டு. அந்த உயரத்தை அவருக்கு முதலே 1928இல பொட்டோச்னிக் எண்டவர் கணக்குப் பாத்திருந்தவர். தொடர்பாடலுக்கு முழுத் திட்டமாப் போட்டதுதான் கிளார்க்கின்ர வேலை. எனக்குப் பிடிச்ச இடம் என்னெண்டால், அந்த நிலையத்தில ஆக்கள் குடியிருக்க வேணும் எண்டு நினைச்சவர். ஏனெண்டு பழைய_வால்வு ஐயாவுக்கு உடன விளங்கும்: எரிஞ்சுபோற ரேடியோ வால்வுகளை மாத்த ஆள் வேணுமே!

அவர் 1956இல இலங்கைக்கு வந்து கொழும்பிலயே இருந்திட்டார். 1964இல சின்கொம் 3 எண்ட செய்மதி (செயற்கைக்கோள்) அந்தச் சுற்றுப்பாதைக்குப் போய் டோக்கியோ ஒலிம்பிக்கைக் காட்டினது. 1975இல இந்தியா அமெரிக்காவின்ர ஏடிஎஸ்-6 செய்மதியால 2,400 கிராமத்துக்குத் தொலைக்காட்சி காட்டேக்க, இஸ்ரோ இஞ்சினியர்மார் கொழும்புக்கு வந்து அவற்ற வீட்டிலயும் ஒரு பெரிய அன்ரெனா பூட்டிக் குடுத்தவை. 30 வருசத்துக்கு முதல் எழுதினதை தன்ர வீட்டு முத்தத்திலயே இருந்து பாத்தார் மனுசன்.

அந்தக் கட்டுரைக்கு அவருக்குக் கிடைச்ச காசு 15 பவுண்.

பழைய_வால்வு

வால்வை மாற்ற ஆள்! தம்பி, நான் அந்த வேலைக்கு மனு போட்டிருப்பேன். டிரான்சிஸ்டர் வந்து கெடுத்துவிட்டது.

வக்கீல்_வேம்பு

காப்புரிமை வாங்காமல் விட்டதற்கு கிளார்க் பிற்பாடு வேடிக்கையாக அழுதிருக்கிறார், ஓய்வு நேரத்தில் நூறு கோடி டாலரைத் தொலைத்தேன் என்று. ஆனால் வாங்கியிருந்தாலும் பைசா தேறியிருக்காது. அன்றைய பிரிட்டிஷ் காப்புரிமை 16 வருடம். 1945இல் எடுத்தால் 1961இல் முடிந்திருக்கும். முதல் வணிகச் செயற்கைக்கோள் போனது 1965. ரொம்ப முன்னாடி யோசிப்பவனுக்குச் சட்டத்தில் இடமில்லை.

கோவை_குறும்பன்

நம்ம சுஜாதாவ விட்டுட்டீங்களே! ரோபோ நாய் ஜீனோ எண்பதுகள்லயே வந்திருச்சு, சோனியோட ஐபோ நாய் 1999.

கண்ணாடி_வில்லை

ஜீனோவை யார் மறப்பா? ஆனா அதைப் பார்த்து ஐபோ வரவில்லை. சுஜாதா கற்பனை செய்தது என்று இல்லாமல் கையால் தொட்டு உருவாக்கியதில் பங்கெடுத்தது என்றால் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இன்ஜினியராக இருந்தார். நாய் பேசும் என்று எழுதினவர், ஆபீசில் 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம் போடும் பெட்டிக்கு உழைத்தார். எனக்கு அந்தப் பெட்டிதான் அதிசயம்.

கோவை_குறும்பன்

தாத்தா, கடைசிக் கேள்வி. எங்க ஹாஸ்டல்ல ஒரு செத்துப்போன மைக்ரோவேவ் கிடக்கு. அதத் திறந்து மேக்னட்ரான வெளிய எடுத்துப் பாக்கலாமா? மரணக் கதிரோட பேரன் மூஞ்சியப் பாக்கணும்னு ஆசை.

பழைய_வால்வு

தொடாதே. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தாலும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் 2,000 வோல்ட் வாக்கில் பிடித்து வைத்திருக்கும். ஆளை அடிப்பது அதுதான், கதிர் இல்லை. சில மேக்னட்ரானில் இருக்கும் பீங்கான் பெரிலியம் ஆக்சைடு. உடைத்துப் பொடி மூக்கில் போனால் நுரையீரல் கெடும். தெரிந்த மெக்கானிக் யாராவது கெப்பாசிட்டரைக் காலி செய்து, மேக்னட்ரானை உடைக்காமல் கழற்றித் தந்தால் வாங்கிப் பார். ஓரத்தில் அலுமினிய இதழ் அடுக்கு, மேலும் கீழும் வளையம் வளையமாக இரண்டு காந்தம்.

என் பழைய அடுப்பின் காந்தம் ஒன்று பீரோ கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேரனின் பள்ளி டைம்டேபிளைப் பிடித்துக்கொண்டு.